காகிதம் சிக்கிய இடம்

"ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை பேசுவே நீ?"

ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டிருந்தால் விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருப்பாள். காலையில் அம்மாவிடம் மூன்று, கடைக்கார அண்ணனிடம் ஐந்து, மிச்சம் மீதி இருந்தால் தங்கைக்கு. நிமிஷக் கணக்கெல்லாம் அவளுக்குக் கட்டுப்படியாகாது.

கேட்டவரோ லேசில் விடுகிற ஆள் இல்லை. கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், வெயிலில் காய்ந்து கறுத்த முகம். எதிரே இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தின் ஓட்டப் பயிற்சியாளர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விசில் மேடம். அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையின் மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, பதில் வராமல் நகர்வதில்லை என்று நின்றார்.

அவள் குனிந்து மேசைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தாள். அங்கே தேட ஒன்றும் இல்லை. காலிப் பெட்டி ஒன்றும், அறுந்துபோன செருப்பு ஒன்றும் கிடந்தன. அந்தச் செருப்பையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், அவகிட்ட கேட்டா பதில் தபால்லதான் வரும்" என்றார் கடைக்கார அண்ணன், மதியத் தூக்கத்திலிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து. "மியூட்டுன்னு பேரு வச்சிருக்கோம். பட்டன் எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியல."

"பேசாதவளா? இவ குரலத்தானே காலையில ஒரு மணி நேரம் கேட்டேன்!" என்றார் விசில் மேடம்.

அவள் மேசைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

அந்தக் கேள்வி வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டும். தொண்ணூறு வாங்கிய பிள்ளை வீட்டுக்குப் போகப் பயப்படுகிற பள்ளிக்கூடம் அது. திங்கட்கிழமை காலை வாசல் பலகையில் மதிப்பெண் பட்டியலை ஒட்டுவார்கள். பட்டியலுக்கு முன்னால் அழுகிறவர்களுக்கு என்று ஓரமாக ஒரு பெஞ்சே கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அவளுடைய தங்கைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. தங்கை ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். மைதானத்தை மூன்றே முக்கால் சுற்று.

இடம் கொடுத்தபோதே இரண்டு நிபந்தனைகளையும் கையில் கொடுத்துவிட்டார்கள். வருஷத்தில் ஒருமுறை நடக்கும் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் முதல் மூன்று பேருக்குள் வர வேண்டும். அரையாண்டுத் தேர்வில் எந்தப் பாடத்திலும் அறுபதுக்குக் கீழே போகக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் இடம் காலி. வெளியே காத்திருக்கிறவர்களின் வரிசை, தெருமுனை வரைக்கும் நிற்கும்.

தங்கை காலை நாலரைக்கு எழுந்துவிடுவாள். ஐந்து முதல் ஏழு வரை மைதானம். ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு. பிறகு மூன்றரை வரை வகுப்புக்குமேல் வகுப்பு. நாலு முதல் ஆறு மறுபடியும் மைதானம். அதற்குப் பிறகு வீட்டுப்பாடம். இடையில் கிடைக்கிற நேரத்தில் அவள் பேசுவாள். மூச்சுவிடாமல் பேசுவாள். மைதானத்தில் யார் விழுந்தாள், வேதியியல் சாருக்கு ஏன் கோபம், எந்தக் கடையில் ஷூ லேஸ் உறுதி, எல்லாவற்றையும் பேசுவாள். அக்காவும் தங்கையும் ஒன்றாக நின்றால் கடைக்கார அண்ணன், "மியூட்டும் ஸ்பீக்கரும் வந்தாச்சு" என்பார். பேசுகிற பேச்சிலேயே புத்தகத்தை விரிப்பாள். பேனா மூடியைக் கழற்றிய கையோடு தூங்கிப்போவாள்.

அக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தீராது. பேனாவை மெல்ல உருவி மூடி போட்டு வைத்துவிட்டு, கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு விரல்களில் நகம் இல்லை. குதிகால் மரக்கட்டை மாதிரி காய்த்திருந்தது. ஒரே பொடிசுக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று தோன்றும். ஓடுகிறவள் ஒருத்தி, படிக்கிறவள் ஒருத்தி, பேசுகிறவள் ஒருத்தி. மூன்று பேருக்கும் சேர்த்து உடம்பு மட்டும் ஒன்று.

தன் உடம்பில் ஒருத்தி குடியிருப்பதற்கே இடம் பற்றவில்லை என்பது அவள் எண்ணம். பத்தாவது படிக்கும்போது ஒருநாள் டீச்சர் அவளை எழுப்பி ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். எழுந்தாள். புத்தகம் கையில் இருந்தது. எழுத்தெல்லாம் தெரிந்தது. நாற்பது தலைகள் திரும்பியதும் தொண்டையில் யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல ஆயிற்று. டீச்சர் நல்லவர், காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் வயிற்றுவலி. அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. ஒரு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலைபார்த்துவிட்டுக் களைத்து வந்த அம்மாவிடம், "நான் இனிமே போகலம்மா" என்றாள். அன்றைய மூன்று வார்த்தைகள் அத்தோடு தீர்ந்தன. அம்மா அழுது பார்த்தாள், அடித்தும் பார்த்தாள். பிறகு ஜெராக்ஸ் கடையில் கொண்டுவந்து விட்டாள்.

நாலு வருஷம் ஆகிவிட்டது. கண்ணாடிமேல் வைக்கிற காகிதம் எதுவானாலும் கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிடுவாள். முதலிடம் வாங்குகிற பிள்ளைகளின் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், அணுவின் படம், இதயத்தின் படம், எந்த நாட்டின் வரைபடமோ. எல்லாம் அவள் கைவழியே சூடாக வெளியே போகும்.

இயற்பியல் மாதத் தேர்வில் தங்கை நாற்பத்தொன்று வாங்கிய அன்று கடைக்கு வந்து மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, எனக்குப் படிக்க நேரமில்ல. கேக்க நேரம் இருக்கு."

"ம்?"

"காலையில ரெண்டு மணி நேரம் ஓடுறேன்ல? கால்தானே ஓடுது, காது சும்மாதானே வருது. நீ பாடத்தப் படிச்சு போன்ல போட்டுக் குடு. நான் ஓடிக்கிட்டே கேட்டுக்கறேன்."

"நானா?"

"நீதான். எல்லாருக்கும் வாய் தேஞ்சு போச்சு. உன்னோடதுதான் பிரிக்காத பெட்டி மாதிரி புதுசா இருக்கு."

வீட்டில் உட்கார்ந்து முயன்றாள். போனை எதிரே வைத்தாள். பதிவாவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி எரிந்ததும் பழைய நாற்பது தலைகளும் திரும்பிப் பார்த்தன. தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் மதியம், அண்ணன் நாற்காலியில் சாய்ந்து குறட்டைவிட, இருநூறு பிரதி போட வேண்டிய வேலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பழைய இயந்திரம். சர்ர்ர், டக். சர்ர்ர், டக். இரண்டு விநாடிக்கு ஒரு தாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் மெல்ல வாயைத் திறந்து பார்த்தாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கேட்காததால் பயமில்லை. பயமில்லாததால் வந்தது.

"ஒரு பொருளின் மீது விசை செயல்படாத வரை..." சர்ர்ர், டக். "...அப்பொருள் தன் நிலையிலேயே தொடர்ந்து இருக்கும்." சர்ர்ர், டக்.

இருநூறு தாளும் முடிகிறவரை வாசித்தாள். அதன்பிறகு பெரிய வேலை வருகிற மதியங்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். இயந்திரம் நின்றால் குரலும் நின்றுவிடும். இயந்திரம் ஓடினால் பாடமும் ஓடும்.

இரண்டு வாரம் போயிருக்கும். மைதானத்தில் விசில் மேடம் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிப் பார்த்தார், பழுதாகிவிட்டதோ என்று. முன்பெல்லாம் ஒரு சுற்று எழுபத்தாறு விநாடி, அடுத்தது எண்பத்தெட்டு என்று தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த பெண், இப்போது எண்பது, எண்பது, எண்பது என்று அளந்து வைத்தமாதிரி ஓடுகிறாள். கூப்பிட்டு நிறுத்திக் காதிலிருந்ததைப் பிடுங்கினார்.

"பாட்டா கேக்குற?"

"பாடம், மேடம்."

"யாருக்குடி கத விடுற?" என்று தன் காதில் வைத்துப் பார்த்தார். ஒரு பெண் குரல், வெட்கப்பட்டுக்கொண்டே, நியூட்டனின் இரண்டாம் விதியைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் சர்ர்ர், டக். சர்ர்ர், டக். மேடம் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார். டக்குக்கும் டக்குக்கும் நடுவே சரியாக இரண்டு விநாடி. தங்கையின் கால் ஒவ்வொரு டக்குக்கும் ஆறு அடி வைத்திருந்தது. அவளுக்கே அது தெரியாது. ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் மேடம் அன்று மதியம் கடைக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதில் வராத கோபத்தில் போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். "பயிற்சியில கேட்டுக்கட்டும், நான் கண்டுக்கல. போட்டி அன்னைக்குக் காதுல ஒண்ணும் இருக்கக் கூடாது. விதி அது. சொல்லி வை."

கடைசியாக ஒளி என்னும் பாடம் வந்தது. தேர்வில் அதிலிருந்துதான் அதிகம் கேட்பார்கள் என்று பேச்சு. அன்று மதியம் ஐந்நூறு பிரதி வேலை. அவள் வழக்கம்போல வாசித்துக்கொண்டே ஒரு கையால் தாள் கட்டைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். சூரியனிலிருந்து புறப்படும் ஒளி நம்மை வந்து சேர எட்டு நிமிடம் இருபது விநாடி ஆகிறது என்று வாசித்தாள். மேசைமேல் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தாள். இது புறப்பட்டபோது தான் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள்.  நட்சத்திரங்களின் ஒளி வந்து சேர ஆண்டுகள் பல ஆகின்றன, சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆகின்றன என்று அடுத்த வரி சொன்னது. கை தானாகத் தாளைத் திணித்தது, ஓரம் தட்டாமல், ஒட்டிய தாள்கள் பிரியும்படி விசிறிவிடாமல். நாலு வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

"ஆகவே நாம் இன்று காணும் நட்சத்திரம் இப்போது அங்கே இருக்கிறதா என்பதே..."

க்ர்ர்ரீச்.

இயந்திரம் நின்றது. குரலும் நின்றது. தாள் உள்ளே சிக்கிக்கொண்டது. பக்கவாட்டு மூடியைத் திறந்து, உருளையைத் திருப்பி, கசங்கிய தாளைக் கிழியாமல் உருவினாள்.

"என்ன சத்தம்?" என்றார் அண்ணன் தூக்கத்தில்.

"எடுத்தாச்சுண்ணா" என்று மூடியை 'டப்' என்று அடித்து மூடினாள். இயந்திரம் மறுபடி ஓடியது. சர்ர்ர், டக்.

"...உறுதியில்லை" என்று வாக்கியத்தை முடித்தாள்.

போனில் அந்தப் பதினோரு விநாடியும் பதிந்திருந்தது. அதை அழித்துவிட்டுத் திரும்ப வாசிக்கலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் பள்ளி விட்டுக் கூட்டம் வந்துவிட்டது. மறந்தும் போனாள்.

அடுத்த பத்து நாளும் தங்கை அந்த ஒளியை வைத்துத்தான் ஓடினாள். ஒவ்வொரு ஓட்டத்தையும் பாடத்தின் முதல் வரியிலிருந்து தொடங்குவாள். சாயங்காலம் வந்து புலம்புவாள்.

"அக்கா, விசிலு என்னையப் போட்டு வறுத்தெடுக்குது. கடைசிச் சுத்துக்கு முன்னாடி ஒரு இடத்துல சுணங்குறேனாம். தினமும் அதே இடமாம். நான் எங்க சுணங்குறேன்? எனக்கு ஒண்ணும் தெரியல. 'அந்த இடத்துல என்ன உனக்கு, மாமியார் வீடா'ங்குது."

அக்காவுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவள் ஒருநாளும் தங்கை ஓடிப் பார்த்ததில்லை. சாலையைக் கடந்தால் மைதானம். ஆனால் அங்கே கூட்டம் இருக்கும், யாராவது எதையாவது கேட்பார்கள்.

போட்டி நாளும் அரையாண்டு இயற்பியல் தேர்வும் ஒரே நாளில் வந்து விழுந்தன. காலை பத்துக்கு ஓட்டம், மதியம் இரண்டுக்குத் தேர்வு. தள்ளிவைக்கச் சொல்லி விசில் மேடம் அலுவலகத்தில் மல்லுக்கு நின்று பார்த்தார். முந்நூறு பேர் எழுதுகிற தேர்வை ஒருத்திக்காகத் தள்ளிவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று காலை ஓட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியல் கட்டுக்கட்டாகப் பிரதி எடுக்க வந்தது. முடிந்ததும் அண்ணன் கட்டைத் தூக்கி அவள் கையில் வைத்தார்.

"நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா."

அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

"கட்டைக் குடுக்கப் போறியா, கச்சேரி பண்ணப் போறியா? மேசமேல வச்சுட்டு வந்துரு. வாயே தேவையில்ல."

போனாள். இறுதிக் கோட்டுக்குப் பக்கத்தில் வேலியோரமாக மேசை இருந்தது. வேலியில் ஒரு தகரப் பலகை கட்டியிருந்தார்கள். கட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கால் அங்கேயே நின்றுவிட்டது.

பத்துப் பெண்கள் வளைவில் வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவதாக வருகிறவளை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இவளா தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடாமல் வீட்டுக்குள் நடக்கத் தெரியாதவள்? நகமில்லாத அந்த விரல்களும் மரக்கட்டைக் குதிகாலுமா இவை? கால்கள் தரையில் பாவுவதாகவே தெரியவில்லை. தரைதான் அவளுக்கு அடியில் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தலை அசையவில்லை. தோள் அசையவில்லை. அந்த வேகத்தின் நடுவில் முகம் மட்டும் தூங்குகிற பிள்ளையின் முகம்போல அமைதியாக இருந்தது. வாயை மூடாத தங்கைக்குள் இத்தனை பெரிய அமைதி ஒன்று இருப்பது அக்காவுக்கு அதுவரை தெரியாது.

கிட்டே வரும்போதுதான் கண்டாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

ஒளி நேர்கோட்டில் செல்லும்.

 அது அக்கா கடையில் வாசித்த வாக்கியம். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் தங்கை மூச்சு வாங்கினாள். காதில் ஒன்றும் இல்லை. உள்ளே முழுப் பாடமும் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்காத ஒரு குரல், ஒரு மனுஷியை இப்படித் தூக்கிக்கொண்டு போகுமா? தன் குரலா?

முதல் முக்கால் சுற்று முடிய, "அறுபது!" என்று பக்கத்தில் விசில் மேடம் கத்தினார். அடுத்த சுற்று வந்தபோது, "எண்பது! அப்படியே வா! அப்படியே!" என்றார். தங்கை இரண்டாவதாக இருந்தாள். உதடுகளில் சூரியன் வந்துவிட்டது. எட்டு நிமிடம் இருபது விநாடி. மைதானத்தின் அந்தப் பக்கம் போய்ச் சிறிதாகி, ஒரு புள்ளியாகி, அப்போதும் அதே சீராக...

சீர் குலைந்தது.

நிற்கவில்லை. காற்று இறங்கியதுபோலக் கொஞ்சம் தளர்ந்தாள், அவ்வளவுதான். ஒருத்தி அவளைத் தாண்டினாள். இன்னொருத்தியும் தாண்டினாள்.

"பாரு, பாரு! அதே இடம்!" என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "அங்க போய் ஏன்டி தூங்குற? ஓடு!"

அக்காவின் வாய் தானாக முணுமுணுத்தது: "நாம் இன்று காணும் நட்சத்திரம் இப்போது அங்கே இருக்கிறதா என்பதே..."

 காகிதம் சிக்கியிருந்தது. பத்து நாளாக அந்த இடத்தில் இயந்திரம் நின்றது, இந்தக் கால்களும் அங்கேயே இளைப்பாறப் பழகிவிட்டன. பயிற்சியில் பதினோரு விநாடியில் மூடி டப்பென்று விழும், ஓட்டம் திரும்ப எடுக்கும். இன்று மூடியை யார் மூடுவது? பாடம் மனப்பாடம் ஆகியிருக்கலாம். அந்த டப் பாடத்தில் இல்லையே. இவள் அதற்காகக் காத்துக்கொண்டே ஓடுகிறாள், காத்துக்கொண்டே முடித்துவிடுவாள். ஓரம் தட்டாமல் திணித்த ஒரு கட்டுத் தாளால் பள்ளிக்கூடமே போகப்போகிறது.

கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது. தங்கை நாலாவதாக வளைவைத் தாண்டி வந்தாள். மூன்றாவது ஆளுக்கும் அவளுக்கும் நடுவே பத்தடி. ஐந்தாவது ஆள் அவள் முதுகில். உதடுகள் அசையவில்லை, பாதி திறந்தபடி நின்றிருந்தன. அந்த வாயைப் பார்த்தாள் அக்கா. பத்தாம் வகுப்பில் தன் வாய் அப்படித்தான் நின்றிருக்கும்.

தகரப் பலகையை ஓங்கி அறைந்தாள். டப்!

"எடுத்தாச்சு!"

மேசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். யாரோ, "என்னத்த எடுத்தாச்சு?" என்றார்கள். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. தங்கையின் தலை வெடுக்கென்று நிமிர்ந்ததை மட்டும் கண்டாள். உதடுகள் அசைந்தன. உறுதியில்லை.

பிறகு நடந்ததை அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். ஒரு தடவையும் முழுசாக நினைவில் கொண்டுவர முடியவில்லை. பத்தடி ஐந்தடியாயிற்று, ஐந்தடி ஒன்றுமில்லாமல் போயிற்று. இரண்டாவதாகப் போனவள் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பக்கத்தில் யாரோ வருவதை அவள் உணர்ந்திருக்க வேண்டும். கடைசி நேர்ப்பாதையில் மூன்று பேரும் ஒரே வரிசையில் வந்தார்கள். மார்புகள் கோட்டை அறுத்தபோது, இறைவனே வந்து கேட்டிருந்தாலும் அவளால் யார் முந்தி என்று சொல்லியிருக்க முடியாது. சற்று நேரம் கழித்து அறிவித்தார்கள். தங்கை மூன்றாவது.

விசில் மேடம் மெல்லத் திரும்பினார். விசில் வாயிலிருந்து விழுந்து மார்பில் ஆடியது.

"இப்ப என்ன சொன்ன நீ அவகிட்ட?"

அதற்கு முன் சொல்ல வேண்டிய பழைய பதில் ஒன்று பாக்கி இருந்தது. இரண்டு மாதமாக இரகசியமாக எண்ணி வைத்திருந்தாள்.

"தொண்ணூத்தாறு, மேடம்."

"என்னது?"

"நீங்க கேட்டீங்கல்ல. ஒரு நிமிஷத்துக்கு."

புல்லில் மல்லாந்து கிடந்த தங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நெஞ்சு துருத்திபோல ஏறி இறங்கியது. "நீ... எப்பக்கா... கடைய விட்டு..." என்று இழுத்தாள் தங்கை.

"பேப்பர் சிக்கிடுச்சுடி."

"எங்க?"

"உன் காலுக்குள்ள."

தங்கைக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் மூச்சு வாங்கிய நெஞ்சோடு சிரிக்க ஆரம்பித்தாள். விலா பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

இரண்டு மணிக்கு ஈரத்தலையோடு தேர்வு அறைக்குள் போனாள். சாயங்காலம் வந்து சொன்னாள்:

"உள்ள நின்ன டீச்சர் ரெண்டு தடவ வந்து கால ஆட்டாதேன்னாங்க. ஆட்டலன்னா ஒண்ணும் ஞாபகம் வரல. உன் நட்சத்திரம் வந்துச்சுக்கா, கடைசிக் கேள்வி. எழுதிக்கிட்டே வந்து அந்த இடத்துல நின்னுட்டேன். அப்புறம் நானே பெஞ்சுல ஒரு தட்டு தட்டிக்கிட்டேன்."

"அறுபது வருமா?"

"வெப்பம் பாடத்துல ரெண்டு கேள்வி விட்டுட்டேன்" என்றாள். குனிந்து ஷூவைக் கழற்றினாள்.

ஒன்பது நாள். ஸ்பீக்கரின் சத்தம் பாதியாகக் குறைந்துபோயிற்று. அம்மா கேட்டால், "தெரியலம்மா" என்பாள். காலையில் ஓடப் போவாள், வருவாள்.

பத்தாம் நாள் திங்கட்கிழமை. விடிந்த கையோடு பள்ளியின் மணியடிப்பவர் சாலையைக் கடந்து வந்தார். பட்டியல் எப்போதும் பலகைக்குப் போகிற வழியில் இந்தக் கடைக் கண்ணாடியைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அவர் தாளைத் தானே கவிழ்த்து வைத்தார்.

"விளையாட்டுப் பிள்ளைகளோடது. இருபது காப்பி. நீ பார்க்கக் கூடாது, உன் தங்கச்சி பேரு இருக்கு" என்றார், பாதி விளையாட்டாக.

அவள் பொத்தானை அமுக்கினாள். மூடியின் ஓரத்தில் பச்சை வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. சர்ர்ர், டக். முதல் தாள் வந்து விழுந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை. மை தீர்கிற நேரத்தில் இயந்திரம் செய்கிற வேலை அது. தங்கையின் பெயர் இருந்தது. அதற்கு நேரே தமிழ், கணிதம், வேதியியல் எல்லாம் இருந்தன. இயற்பியலின் இடத்தில் வெறும் வெள்ளை.

மூடியைத் தூக்கி மூலத்தாளைப் பார்த்திருக்கலாம். கை வரவில்லை. மைக் குடுவையை வெளியே எடுத்து, இடமும் வலமுமாக ஐந்து தடவை குலுக்கி, திரும்பச் செருகினாள். எட்டு நிமிடம் இருபது விநாடி முன்னால் சூரியனிலிருந்து கிளம்பிய வெளிச்சம் மேசை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த எண்ணும் எப்போதோ கிளம்பிவிட்டது. பத்து நாளாக வந்துகொண்டேதான் இருக்கிறது.

சர்ர்ர், டக்.

அறுபத்தொன்று.

தாள் சூடாக இருந்தது. அவள் அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். ஓடுகிறவளும் படிக்கிறவளும் ஒரே உடம்பில் இருந்துகொண்டு, மூச்சை மாற்றிமாற்றிக் கொடுத்துக்கொண்டு, இந்த ஒன்றை எங்கிருந்தோ இழுத்து வந்திருக்கிறார்கள். அறுபதுக்கு மேலே ஒரே ஒன்று. அந்த ஒன்று நட்சத்திரத்தில் வந்ததா, பெஞ்சில் தட்டிய தட்டில் வந்ததா? யாரிடம் போய்க் கேட்பது?

மணியடிப்பவர் இருபது தாள்களையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனார். பட்டை விழுந்த தாளோடு சூடு ஆறாத இந்தத் தாளும் மேசையிலேயே தங்கிவிட்டது. இருபதுக்குப் பதில் இருபத்தொன்று போட்டுவிட்டிருந்தாள், தெரிந்தே.

சற்று நேரத்தில் தங்கை வந்தாள். போட்டிக்குப் பிறகு ஆறரைக்குத் தள்ளிவைத்த காலைப் பயிற்சிக்குப் போகிற உடை, தோளில் புத்தகப் பை, கழுத்தில் ஷூக்களை லேஸால் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வாசலிலேயே ஆரம்பித்தாள். "அக்கா, விசிலு சொல்லுச்சு இனிமே உன் குரல டீமுக்கே குடுக்கணுமாம், என்ன அநியாயம், நான் சொன்னேன் அதெல்லாம்..."

அக்கா தாளை அவள் பக்கம் திருப்பி நகர்த்தினாள்.

பேச்சு நடுவில் நின்றது. தங்கை குனிந்து தன் பெயரிலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டு போனாள். அந்தக் கட்டத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். வாய் பாதி திறந்திருந்தது.  அக்காவும் காத்திருக்கவில்லை, தாள் கட்டு ஒன்றைப் பிரித்து ஓரம் தட்ட ஆரம்பித்தாள்.

தங்கை பையைத் திறந்து வேதியியல் புத்தகத்தை எடுத்தாள். அடுத்த பருவத்தின் முதல் பாடத்தைப் பிரித்து, காற்றில் புரளாமல் இருக்க ஸ்டாப்ளரை அதன்மேல் வைத்தாள். இயந்திரத்தின் பக்கவாட்டு மூடியை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள்.

பிறகு ஷூக்களைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு சாலையைக் கடந்து மைதானத்துக்குள் போய்விட்டாள்.